ஒரு நுகம், இரு காளைகள்

எந்தத் தொழிலுக்கும் கருவி வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அத்தொழிலின் முதற்பாடம். மலேசியத் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த தலைமுறையினர் இப்பாடத்தை ஏட்டில் படித்தவர்கள் அல்லர். ஆயினும் உளி வாங்கச் சென்றால் அதன் பளபளப்பைக் கண்டு மயங்க மாட்டார்கள். வளைவைப் பார்ப்பார்கள், கூரை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்கள், தம் நிரையில் நிற்பவை இளமரங்களா, முதிர்ந்த மரங்களா என்று மனத்துள் எண்ணிப் பார்ப்பார்கள். பட்டையைக் காயப்படுத்தாமல் பால் வரச் சீவுவதே வேலை. அந்த வேலைக்கு ஏற்றதே நல்ல உளி. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வாங்கும் கருவி வேறு. ஆனால், வாங்கும்போது வேண்டப்படும் பார்வை அதுவேதான்.

அக்கருவி கணினி. அதிலும் குறிப்பாக, கணினி விளையாட்டுகளை ஆடுவதற்கும், ஆடும்போதே அவற்றை இணையத்தின்வழி பிறர் காண நேரலையாக ஒளிபரப்புவதற்கும் உரிய கணினி. "இதுவும் ஒரு வேலையா?" என்று முகம் சுளிக்கும் பெரியோர் பலர். பொழுதைக் கெடுக்கும் பழக்கமாக அது மாறிவிடக் கூடாது என்னும் அவர்தம் அச்சம் நியாயமானதே. எனினும், 2019இல் பிலிப்பீன்சில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியிலும், 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் மின்விளையாட்டுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன என்பதை அவர்கள் அறிதல் நன்று. இளைஞர் அத்துறைக்குள் செல்லலாமா, கூடாதா என்னும் வழக்கை ஈண்டு ஆராயத் தேவையில்லை. செல்வது என்று ஒரு குடும்பம் முடிவு செய்துவிட்டால், வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை எவ்வாறு செலவிட வேண்டும் என்பதே ஈண்டுக் கேள்வி.

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு குடும்பம். தந்தை லாரி ஓட்டுநர். தாய் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். ஒரே மகன் எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்து, 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பாலிடெக்னிக் கல்லூரியில் சேரக் காத்திருந்தான். பள்ளிக் காலம் முழுவதும் வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அவன். ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். விடை தெரிந்திருந்தும் சொல் வராது. அத்தகைய பிள்ளை, நண்பன் வீட்டில் விளையாட்டு ஒன்றை ஆடும்போது மட்டும், எதிரணி எங்கே பதுங்கியிருக்கிறது, எந்த வழியாகச் சூழலாம் என்றெல்லாம் நல்ல தமிழில் தங்கு தடையின்றி விளக்குவதைத் தாய் ஒருநாள் தற்செயலாகக் கேட்டார். தம் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்தது என்று அவருக்குப் பெரும் வியப்பு. அவர் கட்டி வந்த சீட்டு அவ்வாண்டு விழுந்தபோது, 4,500 வெள்ளியை எடுத்துத் தனியே வைத்தார். "அவன் பேசட்டும்" என்பதே கணவரிடம் அவர் சொன்ன காரணம்.

தந்தையும் மகனும் கணினிக் கடை ஒன்றுக்குச் சென்றார்கள். விற்பனையாளர் ஒரு விலைப்பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தார். அதில் 'ஐ7' என்னும் முத்திரை பெற்ற விலையுயர்ந்த செயலி இருந்தது. நான்கு ஜிகாபைட் நினைவகம் மட்டுமே உடைய சிறிய வரைகலை அட்டை இருந்தது. செயலியைக் குளிர்விக்க நீர்க்குழாய்களும், வண்ண விளக்குகள் சுழலும் கண்ணாடிப் பெட்டியும் இருந்தன. மொத்தம் 4,480 வெள்ளி. ஒளிபரப்புச் செய்வதற்குப் பெரிய செயலி வேண்டும் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். விளக்குகளைக் கண்ட மகனின் கண்கள் விரிந்தன. தந்தையோ பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஒரு நாள் கழித்து வருகிறோம்" என்றார். நெடுந்தூரம் லாரி ஓட்டிய அனுபவம் அவருக்கு. வண்டியைப் பற்றித் தெரியாதவன் வண்டி வாங்கக் கூடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த வாரம் பினாங்கிலிருந்து தாய்மாமன் வந்திருந்தார். பாயான் லெப்பாசில் உள்ள மின்சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். 1972ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் நிறுவியது. ஏஎம்டி நிறுவனமும் அதே காலத்தில் அங்கு வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் செயலியில் இருந்த டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 2,300. 2023இல் வெளிவந்த ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் நடுத்தர வரைகலை அட்டையின் சில்லில் அவை 1,890 கோடி. இந்த வளர்ச்சியின் நடுவே வாழ்ந்தவர் ஆதலால், மாமன் விளம்பரச் சொற்களுக்கு எளிதில் மயங்குபவர் அல்லர். பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு மருமகனை அருகில் அமர்த்திக் கொண்டார்.

"மருமகனே, செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் என்ன வேறுபாடு, சொல்" என்றார். பிள்ளை வழக்கம்போல் மௌனமாக இருந்தான். மாமனே பள்ளிக்கூடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். செயலி என்பது ஆறு அல்லது எட்டுத் தேர்ந்த ஆசிரியர்களைப் போன்றது. எந்தச் சிக்கலான கணக்கையும் அவர்கள் தீர்ப்பார்கள், முடிவெடுப்பார்கள், அடுத்து என்ன நிகழ வேண்டும் என்று ஆணையிடுவார்கள். 'கோர்' என்று வழங்கும் செயற்கருக்கள் அவர்களே. வரைகலை அட்டையோ, பள்ளித் திடலில் அமர்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களைப் போன்றது. ஆளுக்கொரு சிறு கணக்கை ஒரே நேரத்தில் போட்டு முடிப்பார்கள். ஆர்டிஎக்ஸ் 4060இல் அத்தகைய சிறு கணிப்பான்கள் 3,072 உள்ளன.

அத்தனை பேர் எதற்கு? திரையின் அளவே அதற்கு விடை. குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஆட்டம் தடையின்றி ஓட, விநாடிக்கு 60 படங்களேனும் மாற வேண்டும். ஆக, விநாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணித்தாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. அந்நேரத்துக்குள் செயலி, எந்த வீரன் எங்கே நிற்கிறான், எய்த குண்டு எங்கே செல்கிறது என்று கணித்து, "இதை வரை" என்று அட்டைக்கு ஆணையிட வேண்டும். அட்டை வரைந்து முடிக்க வேண்டும்.

"தோட்டத்தில் இரட்டை மாட்டு வண்டி ஓடியதைத் தாத்தா சொல்லியிருப்பாரே" என்றார் மாமன். நுகத்தின் ஒரு புறம் கொழுத்த காளையையும் மறு புறம் நோஞ்சான் கன்றையும் பூட்டினால், வண்டி கன்றின் வேகத்தில்தான் நகரும். கொழுத்த காளைக்குக் கொடுத்த பணம் வீணாகும். செயலியும் வரைகலை அட்டையும் அவ்வாறே ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவை. அட்டை ஒரு படத்தை வரைய 25 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால், செயலி தன் பங்கை 5 மில்லிவிநாடியில் முடித்தாலும் திரையில் விநாடிக்கு 40 படங்களே தோன்றும். கடைக்காரர் தந்த பட்டியலின் குறை இதுவே. ஒரு புறம் யானை, மறுபுறம் கன்று.

ஆனால், எந்தப் புறத்தில் வலிய காளையைப் பூட்ட வேண்டும் என்பது சுமையைப் பொறுத்தது. எல்லா விளையாட்டுகளும் ஒரே வகையான சுமையைத் தருவதில்லை. 2020இல் வெளிவந்த வாலரண்ட், 2023இல் வெளிவந்த கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் செயலியின் மீதே மிகுதியாகச் சாய்பவை. அவற்றில் விநாடிக்கு 144 படங்கள், அதற்கும் மேல் என்று எதிர்பார்ப்பார்கள். 144 படங்கள் என்றால், ஒரு படத்துக்கு 7 மில்லிவிநாடிக்கும் குறைவான நேரமே கிடைக்கும். 2020இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 போன்ற, ஒளியும் நிழலும் நுட்பமாக வரையப்படும் விளையாட்டுகளோ வரைகலை அட்டையைப் பிழிந்தெடுப்பவை. திரையின் துல்லியமும் இவ்வாறே சுமையை இடம் மாற்றும். 1,080 வரித் திரையிலிருந்து 3,840க்கு 2,160 என்னும் பெருந்திரைக்குச் சென்றால், புள்ளிகள் சரியாக நான்கு மடங்காகின்றன. அந்த நான்கு மடங்குச் சுமையும் பெரும்பாலும் அட்டையின் தோளில்தான் விழும்.

இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பன் வீட்டுக் கணினியில் அதனைச் செய்து பார்த்துவரும்படி மாமன் பணித்தார். முதலில், படங்களின் எண்ணிக்கைக்கு விதிக்கப்பட்ட வரம்பு ஏதேனும் இருந்தால் நீக்கிவிட வேண்டும். பிறகு ஆட்டத்தின் துல்லியத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். படங்களின் எண்ணிக்கை வெகுவாகக் கூடினால், அதுவரை இழுத்துப் பிடித்தது வரைகலை அட்டை. எண்ணிக்கை அப்படியே நின்றால், இழுத்துப் பிடித்தது செயலி. பிள்ளை மறுநாள் ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டு வந்தான். தான் ஆடும் ஆட்டங்களில் எது எந்தப் புறம் சாய்கிறது என்று மாமனிடம் விளக்கினான். அவன் பேசியதைக் கேட்டுக்கொண்டே தாய் சமையலறையில் நின்றிருந்தார்.

அடுத்து ஒளிபரப்பு. கடைக்காரர் பெரிய செயலியைப் பரிந்துரைத்ததற்கு அவர் காட்டிய காரணம் அதுவே. ஒரு காலத்தில் அக்கூற்று உண்மையாகவும் இருந்தது. 1,080 வரித் திரையின் படத்தை, விநாடிக்கு 60 என்னும் கணக்கில், சுருக்காமல் அப்படியே அனுப்பினால் விநாடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் வேண்டும். ஆனால், டுவிட்ச் தளம் இத்தகைய ஒளிபரப்புக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வந்த அளவு விநாடிக்கு 60 இலட்சம் பிட்டுகள். அஃதாவது, படத்தை ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். முன்பு இச்சுருக்கும் வேலையைச் செயலியே செய்தது. ஆட்டத்தையும் நடத்தி, படத்தையும் சுருக்குவதற்குப் பல கருக்கள் கொண்ட செயலி தேவைப்பட்டது. சிலர் ஒளிபரப்புக்கென்றே இரண்டாவது கணினியும் வைத்திருந்தார்கள்.

இன்று நிலைமை வேறு. என்விடியா நிறுவனம் 2012 முதல் தன் அட்டைகளில், படத்தைச் சுருக்குவதற்கென்றே 'என்வென்க்' என்னும் தனி உறுப்பை அமைத்து வருகிறது. தொடக்கத்தில் அதன் தரம் சுமாராகவே இருந்தது. 2018இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் அட்டைகளில் அது பெரிதும் திருந்தியது. அவ்வுறுப்பு அட்டையின் வரையும் பகுதியிலிருந்து தனித்து இயங்குவதால், ஒளிபரப்பின்போது ஆட்டத்தின் வேகம் சிறிதளவே குறையும். செயலிக்கோ சுமை மிகக் குறைவு. இன்டெல் செயலிகளோடு இணைந்த வரைகலைப் பகுதியில் 'குவிக் சிங்க்' என்னும் உறுப்பும் அதே வேலையைச் செய்யும். கட்டணம் இல்லாமல் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் மென்பொருளில், எந்த உறுப்பைப் பயன்படுத்துவது என்று ஒரே சொடுக்கில் தேர்ந்துகொள்ளலாம். ஆகவே, ஒளிபரப்புக்காகப் பதினாறு கருக்கள் கொண்ட செயலியை வாங்குவது, பலருக்கு இன்று தேவையற்ற செலவு.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. எல்லா அட்டைகளிலும் அவ்வுறுப்பு இருப்பதில்லை. 2022இல் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 ஆகிய அட்டைகளில் படத்தைச் சுருக்கும் உறுப்பே இல்லை. ஆட மட்டும் விரும்புவோருக்கு அது குறையன்று. ஒளிபரப்ப விரும்புவோருக்கு அதுவே பெருங்குறை. அவ்வாறே, இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்னும் எழுத்தில் முடிந்தால், அதில் வரைகலைப் பகுதி செயற்படாது. குவிக் சிங்க்கும் கிடையாது. பெயரின் ஈற்றில் நிற்கும் ஓர் எழுத்துப் பொருளையே மாற்றிவிடும் என்பது தமிழ் மாணவர்க்குப் புதிய செய்தியன்று. விகுதி அறியாமல் பொருள் கொள்பவன் தவறுவதுபோல், இவ்வெழுத்தை அறியாமல் வாங்குபவனும் தவறுவான்.

எண்களின் மயக்கமும் அத்தகையதே. 'ஐ7' என்னும் பெயர் 2008 முதல் வழங்கி வருகிறது. பெயர் ஒன்றாயினும் தலைமுறைகள் வேறு. 2017இல் வெளிவந்த ஐ7-7700 செயலியில் நான்கு கருக்களும் எட்டு இழைகளும் இருந்தன. 2022இல் வெளிவந்த ஐ5-12400 செயலியில் ஆறு கருக்களும் பன்னிரண்டு இழைகளும் உள்ளன. ஒவ்வொரு கருவும் முன்னதைவிட வேகமானது. ஐந்து ஏழைவிடப் பெரிதாகும் விந்தை இது. குலப்பெயரைக் கேட்டு மதிக்காமல், பிறந்த ஆண்டையும் செய்யும் வேலையையும் கேட்டு மதிக்க வேண்டும். விளையாட்டுக்கு ஆறு கருக்களும் பன்னிரண்டு இழைகளும் கொண்ட அண்மைக்காலச் செயலி பெரும்பாலும் போதுமானது. அதற்கு மேலும் படங்களின் எண்ணிக்கையை உயர்த்த விரும்பும் போட்டியாளர்க்கு, கருக்களைக் கூட்டுவதைவிடச் செயலியினுள்ளேயே இருக்கும் விரைவு நினைவகத்தைக் கூட்டுவது மிகுந்த பயன் தருகிறது. 2023இல் வெளிவந்த ரைசன் 7 7800 எக்ஸ்3டி எட்டே கருக்களைக் கொண்டது. 96 மெகாபைட் மூன்றாம்நிலை விரைவு நினைவகத்தால் அது விளையாட்டில் முன்னணியில் நின்றது.

வரைகலை அட்டையின் நினைவகமும் கருதத்தக்கது. அட்டை வரைய வேண்டிய காட்சிகளின் மேற்பரப்புப் படங்களெல்லாம் அந்நினைவகத்தில்தான் தங்கும். இடம் போதாவிட்டால் அவை கணினியின் பொது நினைவகத்துக்கும் அட்டைக்கும் இடையே ஓடிக்கொண்டேயிருக்கும்; ஆட்டம் திக்கித் திணறும். நான்கு ஜிகாபைட் இன்றைய பெரிய விளையாட்டுகளுக்குப் போதாது. எட்டு ஜிகாபைட் 1,080 வரித் திரைக்கு, அமைப்புகளைச் சற்றுத் தளர்த்திக் கொண்டால் போதும். பன்னிரண்டோ பதினாறோ இருந்தால் மன அமைதி. கணினியின் பொது நினைவகத்தைப் பொறுத்தவரை, 16 ஜிகாபைட்டை ஒரே பலகையாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு பலகைகளாக வாங்குவது நலம். இரண்டு வாய்க்கால்களில் நீர் பாய்வதுபோல் செய்தி விரைந்து செல்லும்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தந்தை, அதுவரை பேசாதிருந்தவர், ஒரு கேள்வி கேட்டார்: "மச்சான், இது எத்தனை ஆண்டு தாங்கும்?"

"அதுதான் தலையான கேள்வி" என்றார் மாமன். கணினியில் தாய்ப்பலகை என்பது வீட்டின் அடித்தளம். செயலி பொருந்தும் இடமாகிய பொருத்தி மாறிவிட்டால், புதிய செயலிக்குப் புதிய பலகையும் வாங்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பொருத்தியில், 2017இல் முதல் ரைசன் செயலியைப் பொருத்திய பலர், அதே பலகையில் 2022இன் செயலியையும் பொருத்த முடிந்தது. 2022இல் வந்த ஏஎம்5 பொருத்தியை 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. இன்று எளிய செயலியை வாங்கிவிட்டு, மகன் சம்பாதிக்கத் தொடங்கியபின் அவனே வலியதை வாங்கிப் பொருத்திக்கொள்ள இடம் வைப்பது குடும்பத்துக்கு ஏற்ற வழி.

பேச்சு, பலர் கவனியாத மூன்று பொருள்களின் மீது சென்றது. முதலாவது மின்வழங்கி. ஆர்டிஎக்ஸ் 4060 உண்ணும் மின்சாரம் 115 வாட். அதற்கு 550 வாட் மின்வழங்கியை அதன் நிறுவனம் பரிந்துரைக்கிறது. தரச்சான்று பெற்றதாக அது இருத்தல் வேண்டும். விளக்குகளுக்குச் செலவிட்டுவிட்டு மின்வழங்கியில் சிக்கனம் பிடிப்பது, மாடியை அலங்கரித்துவிட்டுத் தூணை மறப்பது போன்றது. இடியும் மின்னலும் மிகுந்த நாடு மலேசியா. ஆகவே மின்னெழுச்சித் தடுப்புக் கருவியும் தேவை. இரண்டாவது வெப்பம். நம் நாட்டு அறையின் வெப்பமே முப்பது பாகையை எட்டும். காற்று உட்புகவும் வெளியேறவும் வழியுள்ள பெட்டியே, கண்ணாடியால் மூடிய அழகிய பெட்டியைவிட மேலானது. மூன்றாவது இணையத்தின் பதிவேற்ற வேகம். விநாடிக்கு 60 இலட்சம் பிட்டுகள் என்றால், ஒரு மணி நேர ஒளிபரப்புக்கு ஏறத்தாழ 2.7 ஜிகாபைட் செய்தி வெளியே செல்லும். வீட்டின் பதிவேற்ற வேகம் அதற்கு இருமடங்கேனும் இல்லையெனில், எத்தகைய அட்டையாலும் பயன் இல்லை.

மறுவாரம் மூவரும் கடைக்குச் சென்றார்கள். இம்முறை பட்டியலை எழுதிக்கொண்டு போனவன் மகன். ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 7600 செயலி, ஏஎம்5 தாய்ப்பலகை, ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை, இரண்டு எட்டு ஜிகாபைட் நினைவகப் பலகைகள், தரமான மின்வழங்கி, விளக்கில்லாத, காற்றோட்டமுள்ள பெட்டி. வீட்டில் ஏற்கெனவே இருந்த 1,080 வரித் திரையே போதும் என்று முடிவாயிற்று. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாக அட்டைக்குச் சென்றது. செயலிக்கு அதைவிட வெகு குறைவாகவே சென்றது. "பெரிய செயலி வேண்டாமா?" என்று விற்பனையாளர் கேட்டார். தந்தை மகனைப் பார்த்தார். "நீ சொல், தம்பி" என்றார்.

பிள்ளை ஒரு நொடி தயங்கினான். பிறகு, தான் ஆடும் விளையாட்டுகள் எவை, தன் திரை எவ்வளவு, படத்தைச் சுருக்கும் வேலை அட்டையில் எங்கே நடக்கிறது, செயலிக்கு எவ்வளவு சுமை மிஞ்சுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். விற்பனையாளர் மறுத்துப் பேசவில்லை. சிரித்துக்கொண்டே பட்டியலைத் திருத்தினார். செலவு போக 500 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக மீதமிருந்தது. அதில் ஒரு பகுதிக்கு நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்கினார்கள். எஞ்சியது கல்லூரிச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. முதற்பட்டியலை ஏற்றிருந்தால் கையில் மிஞ்சியிருப்பது இருபது வெள்ளி. பேசுவதற்காக வாங்கிய கணினியில், பேசுவதற்கு ஒலிவாங்கி இருந்திராது.

அதன்பின் காலம் ஓடிவிட்டது. 2025இல் ஆர்டிஎக்ஸ் 5060, ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்ற புதிய அட்டைகள் சந்தைக்கு வந்தன. அவ்வாண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் துறையின் பெருந்தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. ஆகவே, அவர்கள் வாங்கிய பெயர்களையே இன்று வாங்க வேண்டும் என்பது பொருளன்று. பெயர்கள் ஆண்டுதோறும் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறா. செய்யவிருக்கும் வேலை எது? அதன் சுமை எப்புறம் சாய்கிறது? நம் கைப்பொருள் எவ்வளவு? துணைப்பொருள்கள் ஈடுகொடுக்குமா? வலியறிதல் என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தது அரசர்க்காக என்பர். அங்காடிக்குச் செல்லும் எளிய குடும்பத்துக்கும் அது பொருந்தும்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கணினி பற்றிய பேச்சு எழுந்தால் தமிழாசிரியர் சிலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அன்று கணினியில் தமிழ் எழுத்தைக் காண்பதே அரிதாக இருந்தது. கணினியை அந்நியப் பொருளாகக் கருதி அவர் ஒதுங்கியிருந்தால் நமக்கு இழப்பு எவ்வளவு! இன்று இளைஞர் தமக்கு வேண்டிய கருவியைத் தமிழிலேயே ஆராய்ந்து, தமிழிலேயே வாதிட்டு, தமிழிலேயே முடிவு செய்ய நாம் வழிகாட்டினால், கணக்கும் அறிவியலும் மொழியும் ஒரே பாடத்தில் அமையும். திரையின் புள்ளிகளைப் பெருக்கிப் பார்க்கும் மாணவன் கணக்கையும் கற்கிறான். பணத்தின் மதிப்பையும் கற்கிறான்.

அந்தப் பிள்ளை சனிக்கிழமை இரவுகளில் தமிழில் ஒளிபரப்புகிறான். காண்போர் பெரும்பாலும் பத்துப் பேரைத் தாண்டுவதில்லை. வருமானம் ஏதும் இல்லை. ஆனால், ஆட்டத்தின் நடுவே யாரேனும் எழுத்தில் கேள்வி கேட்டால், அவன் நின்று, நிதானித்து, சொல் தேடி விடை தருகிறான். சில வேளைகளில் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைக்காமல் மறுநாள் அகராதியைப் புரட்டுவதும் உண்டு. அந்நேரத்தில் கூடத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுத் தாய் அமர்ந்திருப்பார். ஆட்டம் அவருக்கு விளங்காது. மகனின் குரல் விளங்கும். 4,500 வெள்ளியைக் கொண்டு அக்குடும்பம் வாங்க நினைத்ததும் அதுதான்.